பிள்ளைப்பேறும் பஞ்சாங்கமும்

2025-ஆம் வருஷம் சித்திரை மாதம், வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா நடந்துகொண்டிருந்த வாரத்தில், ஒரு நாள் பின்னிரவு 3 மணி 10 நிமிஷத்திற்கு நமக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. நேரத்தை வெளிப்படையாகவே எழுதிவிட்டோம். ஜாதகம் கணிக்க ஆசையுள்ளவர்கள் தாராளமாய்க் கணித்துக் கொள்ளலாம்.

ஒருவனுக்குப் பிள்ளை பிறந்த சங்கதி பத்திரிகையில் எழுதத்தக்க விஷயமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இந்தியாவில் வருஷமொன்றுக்கு இரண்டு கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறக்கின்றன. கணக்குப் பார்த்தால் நிமிஷத்திற்குச் சுமார் நாற்பது. அந்த நாற்பதில் நம்முடையதும் ஒன்று என்பது தவிர அதற்கு வேறு விசேஷமில்லை. ஆனாலும் குழந்தை பிறப்பதற்கு ஒரு மாதத்திற்கு முன்னிருந்து, பிறந்து பதினாறு நாள் ஆகும் வரையில், நாம் கண்டதும் கேட்டதும் நம் ஒருவர் வீட்டுச் சங்கதியல்ல. தேனியிலிருந்து கூடலூர் வரையில் படித்தவர் வீடு, படியாதவர் வீடு என்ற பேதமில்லாமல் நடந்து வருவதாகும். ஆதலால் எழுதுகிறோம்.

முதலாவது, சித்திரை என்பதே நம் வீட்டாருக்கு இடி விழுந்தது போலாயிற்று. சித்திரையில் பிள்ளை பிறந்தால் அந்தக் குடிக்கு ஆகாதாம். அதற்காகத்தான் கலியாணமான புதிதில் ஆடி மாதம் பெண்ணைத் தாய் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாமும் நம் துணைவியாரும் 2024-ஆம் வருஷம் ஆடியில் அப்படிப் பிரிந்திருக்கவில்லை. இதை மறைத்துப் பயனில்லை. கணக்கு காலண்டரிலேயே இருக்கிறது. இக்காலத்தில் படித்த சிலர் இந்த வழக்கத்திற்கு விஞ்ஞான வேஷம் போட்டுக் காட்டுகிறார்கள். அக்கினி நட்சத்திர வெயிலில் பிரசவிப்பது தாய்க்குக் கஷ்டம் என்று நம் முன்னோர்கள் கண்டுபிடித்து இப்படி ஏற்பாடு செய்தார்களாம்! நாம் கேட்பதெல்லாம் ஒன்றுதான். வெயிலுக்காகச் சொன்னதானால், "சித்திரையில் பெற்றால் தாய்க்கு வேர்க்கும்" என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்? "குடி நாசம்" என்று சொல்லுவானேன்? வேர்வைக்கு விசிறி போதும். குடி நாசத்திற்குத்தானே பரிகாரமும் தட்சணையும் வேண்டியிருக்கிறது?

மாதத்தோடு போகவில்லை. அடுத்தது நட்சத்திரம். பெண் மூலத்தில் பிறந்தால் மாமனாருக்கு ஆகாது. ஆயிலியத்தில் பிறந்தால் மாமியாருக்கு ஆகாது. கேட்டையில் பிறந்தால் மூத்த மைத்துனனுக்கும், விசாகத்தில் பிறந்தால் இளைய மைத்துனனுக்கும் ஆகாது. பூராடத்தில் பிறந்தால் கழுத்தில் தாலி நிலைக்காது. கொடி சுற்றிப் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது. இன்னும் பால் குடியாத குழந்தைக்கு, எங்கேயோ இருக்கிற வருங்கால மாமனாரைக் கொன்றுவிடும் பலம் இருக்கிறதாக நம்புகிற ஜனங்களை என்னவென்று சொல்லுவது! இதிலே நாம் கவனித்த ஒரு சங்கதி உண்டு. மாமன், மாமி, மைத்துனன், புருஷன் ஆகிய எல்லாருடைய உயிருக்கும் கணக்கு வைத்திருக்கிற இந்தப் பஞ்சாங்கத்தில், பெற்றுப் போடுகிறாளே அந்தத் தாய் பிரசவத்தில் சாகாமல் பிழைப்பாளா என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை.

பங்குனி நடந்துகொண்டிருக்கும்போதே மாமா, அதாவது நம் துணைவியாரின் தகப்பனார், குச்சனூர் போகிற பாதையிலுள்ள ஒரு சோதிடரிடம் போய் வந்தார். சித்திரை பிறக்குமுன் குழந்தையை எடுத்துவிட வேண்டுமென்று அவர் நாளும் நாழிகையும் எழுதிக் கொடுத்திருந்தார். கணக்குப் பார்த்தோம். அந்த நாளில் கர்ப்பத்திற்கு 36 வாரம்தான் ஆகியிருக்கும். "அவ்வளவு முன்னதாக எடுத்தால் குழந்தை மூச்சுவிடத் திணறுமே" என்று சொன்ன பிறகு மாமா மறுபடியும் போனார். சோதிடர் மிகவும் தாராளமானவர். அப்படியானால் சித்திரை முதல் வாரத்திலேயே ஒரு நாள் இருக்கிறதென்றும், லக்கினம் பலமாயிருப்பதால் மாத தோஷம் அடிபட்டுப் போகுமென்றும், குச்சனூரில் சனீசுவரனுக்கு ஒரு பரிகாரம் செய்துவிட்டால் போதுமென்றும் வேறு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் சீட்டின்படி சித்திரை குடியைக் கெடுக்கும். இரண்டாம் சீட்டின்படி கெடுக்காது. இரண்டிற்கும் தனித்தனியே பணம்.

அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு மாமா நம்மை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. அது ஒன்று மட்டும் செய்கிற காரியமல்ல. சீட்டுப் போடுகிற இடத்திலிருந்த அம்மாள் நம்மைப் பார்த்து முதலாவது கேட்டது, "நேரம் எழுதிக் கொண்டுவந்திருக்கிறீர்களா?" என்பதுதான். இரத்த அழுத்தம் எவ்வளவு என்றல்ல. ஹீமோகுளோபின் எவ்வளவு என்றல்ல. 37 வாரம் முடிந்துவிட்டால் குறித்த நேரத்தில் ஆபரேஷன் செய்து கொடுப்பதாகச் சொன்னார்கள். கலியாண மண்டபத்தில் முகூர்த்த நேரத்திற்கு இடம் பிடிப்பது போல ஆபரேஷன் அறைக்கும் இடம் பிடிக்கிறார்கள். நல்ல நாளாயிருந்தால் அங்கே நெருக்கடியும் உண்டாம்.

ஒன்று சொல்லிவிட வேண்டும். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் வைத்தியத்தை நாம் குறை சொல்ல வரவில்லை. குழந்தை குறுக்கே கிடந்தாலும், நஞ்சு வாயிலை அடைத்துக்கொண்டிருந்தாலும், இதயத் துடிப்புக் குறைந்தாலும் அது ஒன்றுதான் இரண்டு உயிரையும் காப்பாற்றும். ஆனால் ஒரு நாட்டில் இப்படிப் பிறக்கிற குழந்தைகள் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிய பிறகு, அதை மேலும் அதிகப்படுத்துவதால் தாய்ச் சாவோ குழந்தைச் சாவோ குறைவதில்லை என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2015-ல் சொல்லியிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கின்படி நூற்றுக்கு 44.9 குழந்தைகள் ஆபரேஷனில் பிறந்தவை. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 36; தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. இந்தியா முழுமைக்கும் 21.5 தான். தமிழ்ப் பெண்களின் வயிறு மாத்திரம் வேறு விதமாய்ப் படைக்கப்பட்டிருக்கிறதா? இவ்வளவும் சோதிடத்தால் வந்தது என்று சொல்ல மாட்டோம். வலிக்குப் பயந்து கேட்பவர்கள் உண்டு, டாக்டர்களின் சௌகரியம் உண்டு, கட்டணம் உண்டு, முதல் பிள்ளை ஆபரேஷன் ஆகிவிட்டால் அடுத்ததற்கும் அதுவே வழியாகிவிடுவதும் உண்டு. ஆனால் மற்றக் காரணங்களுக்காவது வெட்கப்பட்டு ஒளிவு மறைவாய் நடந்துகொள்ளுகிறார்கள். பஞ்சாங்கக் காரணத்தைப் பெருமையாய்ச் சொல்லிக் கொள்ளுகிறார்கள்.

கத்தி படுகிற வயிற்றில் இரத்தப் போக்கும், சீழ் பிடித்தலும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தழும்போடு ஒட்டிக்கொள்ளும் அபாயமும் சாதாரணப் பிரசவத்தைவிட அதிகம். 39 வாரம் ஆவதற்கு முன் காரணமின்றி எடுத்த குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம். இவையெல்லாம் எதற்காக? லக்கினம் நன்றாயிருப்பதற்காக!

சரி, சோதிடத்தின் வழியிலேயே போய்ப் பார்ப்போம். பிறந்த நேரத்தைக் கொண்டு பலன் சொல்லுகிறேன் என்கிறவர்களைப் பார்த்து, எது பிறந்த நேரம் என்று கேட்டால் ஒருவருக்கொருவர் ஒத்துப் பதில் வருவதில்லை. பன்னீர்க் குடம் உடைந்ததா, தலை தெரிந்ததா, உடம்பு முழுதும் வெளிவந்ததா, முதல் அழுகையா, கொடி அறுத்ததா? நம் குழந்தைக்குத் தலை தெரிந்ததற்கும் கொடி அறுத்ததற்கும் நடுவே பத்து நிமிஷத்துக்கு மேல் சென்றது. மேலும், தலையெழுத்து பிறந்த வேளையில் நிச்சயமாகிவிடுகிறது என்றால், அந்த வேளையை ஒரு சீட்டில் எழுதி டாக்டர் கையில் கொடுத்து மாற்றிக்கொள்ள முடியுமானால், அது எப்படித் தலையெழுத்தாகும்? அது டாக்டர் எழுத்தல்லவா? மாற்ற முடியாதென்றால் சீட்டு எதற்கு?

குச்சனூரிலே சனிக்குக் கோயில் கட்டி எள் விளக்கு ஏற்றுகிறோம். அந்தச் சனிக் கிரகம் நமக்கு மிகச் சமீபத்தில் வரும்போதுகூட 120 கோடி கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வெளிச்சம் வந்து சேரவே ஒரு மணிக்கு மேலாகிறது. அவ்வளவு தூரத்திலுள்ளது நம் பெண்ணின் மாமியாரைக் கவனித்துக்கொண்டிருக்கிறதாம்! வானசாஸ்திரியான ஜயந்த் நார்லீகரும் அவருடைய சகாக்களும் இதை ஒரு தரம் சோதித்துப் பார்த்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். படிப்பில் கெட்டிக்காரர்களான 100 பிள்ளைகள், மூளை வளர்ச்சி குன்றிய 100 பிள்ளைகள் ஆகிய இருநூறு பேருடைய ஜாதகங்களைக் கலந்து, 27 சோதிடர்களிடம் ஆளுக்கு 40 வீதம் கொடுத்து, எது எவருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். சரியாய்ச் சொன்னது நூற்றுக்கு 46. காசைச் சுண்டிப் பூவா தலையா பார்த்திருந்தால் 50 வந்திருக்கும்.

இந்தத் தர்க்கமெல்லாம் மாமாவிடம் நாம் சொல்லிப் பார்த்தோம். "மாப்பிள்ளை, நாங்க என்ன கெட்டதுக்கா சொல்றோம்?" என்றார். அவர் நல்லவர், நம் மேல் அன்புள்ளவர், மகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். மூடநம்பிக்கை கெட்டவர்களிடம் மட்டும் இருந்தால் அதை ஒழிப்பது சுலபமாயிருந்திருக்கும். கடைசியில் விவகாரத்தைத் தீர்த்தது நம் தர்க்கமல்ல. அதுவரை அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த துணைவியார் வெளியே வந்து, "அறுக்கப் போறது என் வயித்தை. என்னை ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டீங்களாப்பா?" என்றார். மாமா தலையைக் குனிந்துகொண்டார். நாமும் குனிந்துகொள்ள வேண்டியவராகவே இருந்தோம். ஏனென்றால் ஒரு வாரமாய்ச் சோதிடத்தைக் கண்டித்துப் பேசிக்கொண்டிருந்த நாமும் அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரிக்கே போவது என்று முடிவாயிற்று. வலி கண்ட அன்று சாயங்காலம் 108-க்குச் சொன்னோம், வண்டி வந்தது. பிரசவ அறைக்குள் ஒரு பெண் துணைக்குப் போகலாம். ஆகையால் அத்தை போனார். புருஷன் போகக்கூடாது. பிள்ளைக்குத் தகப்பன் என்கிறவன் அந்த நேரத்தில் செய்யக்கூடியதெல்லாம் வராந்தாவில் நிற்பதுதான்.

அந்த வராந்தாவில் நம்மைப் போல ஐந்தாறு பேர் இருந்தார்கள். ஒருவர் திராட்சைத் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். கை முழுதும் வெடித்திருந்தது. ஒருவர் வாழைத்தார் ஏற்றுகிற லாரியில் போகிறவர். இன்னொருவருடைய மனைவி எட்டாம் மாதம் வரையில் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் குமுளிக்கு அப்பால் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய் வந்தவராம். "எட்டாம் மாசம் வரைக்குமா?" என்று கேட்டுவிட்டோம். "போகாட்டி சோறு?" என்றார். அவ்விதத் தாய்மார்களுக்காகத்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ல் 300 ரூபாயாக ஆரம்பித்த மகப்பேறு உதவி 2018-ல் 18,000 ரூபாய் வரையில் உயர்ந்திருக்கிறது. அதில் ஒரு பகுதி இன்னும் கைக்கு வரவில்லை என்று அவர் சொன்னார். இவருடைய மனைவியின் பிரசவத்திற்குச் சோதிடர் நேரம் குறித்துக் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூலி இல்லை.

3 மணி 10 நிமிஷத்திற்குப் பிறந்தது என்று சொன்னோமல்லவா? ஒரு பணிப்பெண் கதவைத் திறந்து வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பொம்பளப் பிள்ளைதான்" என்றார். அந்தத் "தான்" என்கிற இரண்டெழுத்தில் நம் நாட்டு நாகரிகம் முழுதும் அடங்கியிருக்கிறது. பிறகு அவர் நின்றார். ஏன் நிற்கிறார் என்று நமக்கு விளங்கவில்லை. வாழைத்தார்க்காரர்தான் நம்மை ஒதுக்கி அழைத்துச் சொன்னார்: ஆண் பிள்ளை என்றால் ஆயிரம், பெண் பிள்ளை என்றால் ஐந்நூறு. லஞ்சம் வாங்குவது குற்றமென்பது ஒருபுறமிருக்க, அதிலும் ஆணுக்கு முழு விலை பெண்ணுக்குப் பாதி விலையா! நாம் ஒன்றும் கொடுக்கவில்லை என்று எழுதினால் நமக்குக் கௌரவமாயிருக்கும். ஆனால் நாம் ஆயிரம் கொடுத்தோம். பெண்ணுக்கும் முழு விலை என்று காட்ட வேண்டுமென்று அந்த வேளையில் தோன்றியது. விடிந்த பிறகு யோசித்தால் அது வெறும் அசட்டுத்தனம். அடுத்த பெண்ணின் தகப்பன் தலையிலும் ஐந்நூறைக் கூட ஏற்றி வைத்ததுதான் கண்ட பலன்.

குரலைத் தாழ்த்திச் சொன்னதற்காக அந்தப் பணிப்பெண்ணை மட்டும் நோவானேன்? கணவாயைத் தாண்டினால் உசிலம்பட்டி. பிறந்த பெண்ணின் வாயில் எருக்கம்பாலையும் நெல்மணியையும் வைத்த கதை 1986-ல் பத்திரிகைகளில் வெளிவந்து உலகமெல்லாம் சிரித்தது. அந்தப் பாவம் உசிலம்பட்டிக்கு மட்டும் சொந்தமென்று நம் பக்கத்தார் நினைத்துக்கொள்ளுகிறார்கள். 1992-ல் சேலத்தில் ஆரம்பித்த தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-ல் நம் தேனி ஜில்லாவுக்கும் கொண்டுவந்தார்களே, சும்மாவா கொண்டுவந்தார்கள்? பெற்றவர்கள் கொல்லாமல் போட்டுவிட்டுப் போகட்டும் என்று சர்க்காரே தொட்டில் கட்ட வேண்டியிருந்தது.

நிற்க. குழந்தை பிறந்ததும் பிரசவம் முடிந்துவிட்டதென்று நினைத்தோம். அரை மணி சென்று உள்ளே ஓடுகிற சத்தமும், ஒருவரையொருவர் கூப்பிடுகிற சத்தமும் கேட்டது. ஒரு நர்ஸ் வெளியே வந்து துணைவியார் பெயரைச் சொல்லி, யார் கூட வந்தவர் என்று கேட்டார். நஞ்சு விழுந்த பிறகு கருப்பை சுருங்கவில்லையென்றும், இரத்தம் நிற்கவில்லையென்றும், கையெழுத்துப் போட வேண்டுமென்றும் சொன்னார். போட்டோம். என்ன எழுதியிருந்தது என்று இன்றைக்கும் நமக்குத் தெரியாது.

பிற்பாடு டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லுகிறோம். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்திற்கு அரை லிட்டருக்குக் குறையாமல் இரத்தம் ஓடுகிறது. குழந்தையும் நஞ்சும் வெளிவந்ததும் கருப்பைச் சதை சுருங்கி, அந்த இரத்தக் குழாய்களை முறுக்கிக் கட்டினாற்போல் அடைத்துவிடும். அது சுருங்காமல் தளர்ந்திருந்தால் குழாயெல்லாம் திறந்து கிடக்கும். மனுஷ உடம்பிலிருக்கிற இரத்தமே ஐந்து லிட்டர்தான். இந்த ஒரு காரணத்தால் உலகத்தில் வருஷத்திற்குச் சுமார் 70,000 தாய்மார்கள் சாகிறார்கள். அதற்கு மருந்து உண்டு. ஆக்ஸிடோசின் ஊசியைப் போட்டுக் கையால் வயிற்றைப் பிசைந்து கருப்பையைச் சுருங்க வைக்க வேண்டும். போன இரத்தத்திற்கு இரத்தம் ஏற்ற வேண்டும். நேரம்தான் முக்கியம். ஆம், நேரம்! பிரசவத்திலே உண்மையாய்ப் பார்க்க வேண்டிய நேரம் அது ஒன்றுதான். அதை நர்ஸ் தன் கைக்கடிகாரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள். பையை எடுத்துக்கொண்டு போனபோது அதை நாம் பார்த்தோம். மேலே ஓட்டியிருந்த சீட்டில் இரத்த வகை, எண், எடுத்த தேதி, கெடு தேதி இருந்தன. கொடுத்தவனுடைய பெயரில்லை, ஊரில்லை, ஜாதியில்லை, கோத்திரமில்லை. 1901-ல் கார்ல் லாண்ட்ஸ்டெய்னர் என்கிறவர் மனுஷ இரத்தத்தில் வகைகள் உண்டென்று கண்டு சொன்னார். மனுஷனுக்குள் பிறப்பில் பேதம் உண்டு என்பவர்கள் சந்தோஷப்படலாம். பேதம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது ஏ, பி, ஓ என்று இருக்கிறதே தவிர, அக்கிரகாரம், ஊர், சேரி என்று இல்லை. அண்ணனுக்கும் தம்பிக்கும் சேராத இரத்தம், தெருவுக்குள் நுழையக்கூடாதென்று தடுத்து வைத்தவனுடைய இரத்தத்தோடு சேருகிறது.

டீக்கடையில் தனித் தம்ளர் வைத்திருந்த காலத்தை நேரில் கண்டவர்கள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள், அத்தையும் ஒருவர். இன்ன தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாதென்கிற கணக்கு அவரிடம் இன்றைக்கும் தப்பாமல் இருக்கிறது. அன்றைக்கு அவர் பிரசவ அறை வாசலில் நின்றுகொண்டு, "ரத்தம் வந்துருச்சா? ரத்தம் வந்துருச்சா?" என்று அந்த ஒரு கேள்வியையே எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். யாருடைய இரத்தமென்று கேட்கவில்லை. இதை அவரைக் குத்திக்காட்டுவதற்காக எழுதவில்லை. வேறொரு நாள் கேட்பார். அன்றைக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

4 மணி 40 நிமிஷத்திற்கு இரத்தம் நின்றது.

விடிந்தபின் டெலிபோன் வர ஆரம்பித்தது. பகல் 12 மணிக்குள் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் பேசினார்கள். எல்லாருடைய முதல் கேள்வியும் "என்ன பிள்ளை?" என்பது, இரண்டாவது "எத்தனை மணிக்கு?" என்பது. மூன்றாவதாகச் சிலர் "நார்மலா, ஆபரேஷனா?" என்றும், சிலர் "என்ன எடை?" என்றும் கேட்டார்கள். தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் நம் அப்பத்தா. எண்பது வயதுக்கு மேலானவர். "என் அக்கா இப்படிப் போட்டுத்தான்யா செத்துப் போனா. பாயெல்லாம் ரத்தம். மருத்துவச்சி மாரியாத்தா மாரியாத்தான்னு கத்திக்கிட்டே இருந்தா" என்று சொன்னார். இந்தச் சங்கதியை அதற்கு முன் அவர் ஒரு நாளும் நம்மிடம் சொன்னதில்லை.

அப்பத்தாவின் அக்காள் ஒருத்தியல்ல. 1946-ல் வெளியான போர் கமிட்டி அறிக்கையில் இந்தியாவில் வருஷத்திற்குச் சுமார் இரண்டு லட்சம் பெண்கள் பிள்ளைப்பேற்றினால் சாகிறார்கள் என்று மதிப்பிட்டிருந்தார்கள். அந்தக் காலத்தில் நட்சத்திரம் இல்லையா, பஞ்சாங்கம் இல்லையா, மாரியாத்தாள் இல்லையா? எல்லாம் இப்போதிருப்பதைவிட அதிகமாகவே இருந்தன. 2018 முதல் 2020 வரையிலான கணக்கில் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் பிரசவத்திற்கு 54 தாய்மார்கள் இறந்தார்கள். இந்தியா முழுமைக்கும் 97. இந்தக் குறைவு எப்படி வந்தது? கை கழுவியதால் வந்தது. 1847-ல் வியன்னா நகரத்து ஆஸ்பத்திரியில், பிணத்தை அறுத்த கையோடு பிரசவம் பார்க்கப் போகிற வைத்தியர்களை இக்னாஸ் செம்மல்வைஸ் என்கிறவர் குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் சொன்னார். ஏப்ரல் மாதம் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்ச் சாவு ஜூன் மாதம் இரண்டாகக் குறைந்தது. அப்படியும் பெரிய வைத்தியர்கள் தங்கள் கை அசுத்தம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் அவரைப் பரிகாசம் செய்தார்கள். பிறகு ஊசி வந்தது, இரத்தம் வந்தது, ஆஸ்பத்திரிக்கு ரோடு வந்தது, பெண்கள் படித்து நர்ஸாகவும் டாக்டராகவும் வந்தார்கள்.

இனி மற்றவற்றைச் சுருக்கிச் சொல்லுகிறோம். குழந்தைக்குச் சேனை வைப்பதற்குப் பெரியவர் ஒருவர் மலைத்தேன் கொண்டுவந்தார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் ஆகாது, அதிலுள்ள ஒரு வகைக் கிருமி நரம்பைத் தாக்கும் என்று நர்ஸ் சொல்லி, முதலில் சுரக்கும் சீம்பாலையே கொடுக்கச் செய்தார். கெட்ட பாலென்று பீய்ச்சிக் கொட்டிவந்த அந்தப் பாலில்தான் நோயைத் தடுக்கும் சத்து நிறைந்திருக்கிறதாம். பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்கக்கூடாதென்று வீட்டில் ஒரு கட்சி. அவ்வளவு இரத்தம் போன உடம்புக்குத் தண்ணீரை மறுப்பதா என்று நாம் கூச்சல் போட்டதில் அது மட்டும் ஜெயமாயிற்று. தீட்டு என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் ஓர் அறையில் வைத்தார்கள். அந்த அறைக்குள் நாம் தாராளமாய்ப் போய் வந்தோம்; தீட்டு நம்மை ஒன்றும் செய்யவில்லை.

பதினாறாம் நாள் பெயர் வைப்பதில் ஒரு தகராறு. நட்சத்திரத்திற்கு ஏற்ற எழுத்தில்தான் பெயர் ஆரம்பிக்க வேண்டுமாம். அசுவினி என்றால் சு, சே, சோ, லா. இப்படி இருபத்தேழு நட்சத்திரத்திற்கும் எழுத்து உண்டு. பிறப்பைப் பதிய வேண்டியது 21 நாளுக்குள். பெயரை ஒரு வருஷம் வரையில் கட்டணமில்லாமல் சேர்க்கலாம் என்பதுதான் சர்க்கார் விதி. ஆகையால் அவசரமொன்றுமில்லையென்று சொல்லித் தள்ளி வைத்தோம். நம் பள்ளத்தாக்கில் ஆண் பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பெயர் வைக்கிறார்கள். மேற்கே ஓடிக் கடலில் விழுந்துகொண்டிருந்த பெரியாற்றை அணை கட்டி மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பி, 1895-ல் நமக்குத் தண்ணீர் கொடுத்த வெள்ளைக்கார இஞ்சினீயர் அவர். லோயர் கேம்பில் 2013-ல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் படத்துக்குச் சூடம் கொளுத்துகிறவர்கள் உண்டு. அது நமக்குச் சம்மதமில்லை. ஆனால் அவர் பிறந்தது என்ன நட்சத்திரம், எந்த எழுத்து என்று ஒருவரும் கேட்டதில்லை. நம் பெண்ணுக்குத் துணைவியார்தான் பெயர் வைத்தார். அது எந்த எழுத்தில் ஆரம்பிக்கிறதென்பது பஞ்சாங்கக்காரருக்கு வேண்டியதே தவிர வாசகர்களுக்கு வேண்டியதில்லை.

ஒன்றை விட்டுவிட்டோம். குழந்தையின் கழுத்தில் கொடி ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. நர்ஸ் விரலால் தளர்த்தி எடுத்துவிட்டதாகச் சொன்னார். நூறு குழந்தைகளில் இருபது முப்பதுக்கு இப்படி இருக்குமாம். அப்படியானால் நாட்டிலுள்ள தாய்மாமன்மார்களில் நாலைந்து பேருக்கு ஒருவராவது செத்திருக்க வேண்டும். வீட்டில் யார் இந்தக் கணக்கைக் கேட்கிறார்கள்? திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிற மைத்துனரை வரவழைத்து, கிண்ணத்தில் எண்ணெய் ஊற்றி, அதில் குழந்தையின் நிழலைப் பார்க்கச் செய்த பிறகுதான் நேரில் முகத்தைக் காட்டினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பார்த்தார்.

ஆவணி மாதத்தில் நாம் இரத்தம் கொடுக்கப் போனோம். ஏற்றிய பை இரண்டுக்கும் கொடுத்தவன் யாரென்று தெரியாதாகையால், திருப்பிக் கொடுப்பதென்றால் முகம் தெரியாத ஒருவருக்குத்தான் கொடுக்க வேண்டும். மாமாவும் கூட வந்தார். யாரும் கூப்பிடவில்லை, சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிக்கொண்டார். எடை 45 கிலோவுக்குக் குறையக்கூடாது, ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறையக்கூடாது என்றெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தவர்கள், அவர் சர்க்கரை வியாதிக்கு இன்சுலின் போடுகிறவர் என்றதும் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். மாமாவுக்கு மிகுந்த வருத்தம். வெளியே பெஞ்சியில் உட்கார்ந்து மகனுக்கு டெலிபோன் செய்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வந்து, 350 மில்லி கொடுத்துவிட்டு, அவர்கள் கொடுத்த பிஸ்கட்டைத் தின்று பழரசத்தையும் குடித்து, குழந்தையை ஒரு மணி நேரம் தூக்கி வைத்திருந்துவிட்டு, அன்று ராத்திரியே திருப்பூர் பஸ் ஏறினார்.